டிவியில் பார்த்த ஜப்பான் கோல்ஃப் மைதானத்தில் நாமும் ஆட முடியுமா?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். நவம்பரில் வேலையாக டோக்கியோ போகும் நான்கு நண்பர்கள்; ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்; குறைந்தால் நல்ல ஆட்டக்காரர்) 18-லிருந்து 24 வரை; அங்கே எந்த கிளப்பிலும் மெம்பர் யாரையும் தெரியாது. அதிதி அசோக் ஒலிம்பிக்கில் ஆடிய காசுமிகாசெகியிலோ, டைகர் உட்ஸ் ஜெயித்த நராஷினோவிலோ ஒரு ரவுண்டு ஆட முடியுமா, இந்த ஹேண்டிகேப்புக்கு விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக் கேள்வி ஹேண்டிகேப்பைப் பற்றியே இருக்கிறது. அதை முதலில் மறந்துவிடுங்கள். பொதுமக்கள் பதிவு செய்து ஆடும் ஜப்பான் மைதானங்களில் சாதாரணமாக யாரும் ஹேண்டிகேப் சான்றிதழ் கேட்பதில்லை. ஒரு ரவுண்டில் 100 ஷாட்டுக்கு மேல் அடிப்பவரை யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். முதல் டீயில், அதாவது ஆட்டம் தொடங்கும் மேடையில், ஐந்து நிமிடம் தாமதமாக வந்து நிற்பவரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எந்த மைதானம் வெளியாட்களை உள்ளே விடும், அந்த நாள் எப்படி நடக்கும்.

காசுமிகாசெகி கன்ட்ரி கிளப் நடக்காது. 1929-இல் தொடங்கிய, முழுக்க மெம்பர்களுக்கான கிளப் அது. 1957-இல் நாடுகளுக்கிடையிலான கனடா கோப்பையை தோராகிச்சி நகாமுராவும் கோய்ச்சி ஓனோவும் அங்கே ஜெயித்த பிறகுதான் கோல்ஃப் ஜப்பானியச் சாமானியரின் பேச்சில் வந்தது என்று சொல்வதுண்டு. 2021-இல் அதிதி அந்த கிளப்பின் ஈஸ்ட் கோர்ஸில் ஒரே ஒரு ஷாட்டில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக முடித்தார். மெம்பர் ஒருவர் கைபிடித்து அழைத்துப் போகாமல் அங்கே ஆட முடியாது. ஹ்யோகோ மாகாணத்து ஹிரோனோவும் அப்படித்தான். ஜீவ் மில்கா சிங் 2006, 2008 இரண்டு ஆண்டும் நிப்பான் சீரீஸ் கோப்பை வாங்கிய டோக்கியோ யோமியூரியும் மெம்பர் கிளப்தான். யாராவது ‘ஏற்பாடு செய்து தருகிறேன்’ என்றால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அது ‘தோஹான்’ ஆட்டமா, ‘ஷோகாய்’ ஆட்டமா? தோஹான் என்றால் மெம்பர் உங்களோடு சேர்ந்து ஆட வேண்டும். ஷோகாய் என்றால் மெம்பரின் அறிமுகம் போதும், அவர் வர வேண்டியதில்லை. பல கிளப்புகள் வார நாட்களில் மட்டும் இதை அனுமதிக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டினால் வரவேற்பு மேசையிலிருந்தே திரும்ப வேண்டியிருக்கும்.

வெளியாட்களுக்குத் திறந்திருப்பவற்றில் மூன்றைச் சொல்வேன். முதலாவது நீங்கள் கேட்ட அதே நராஷினோ, முழுப்பெயர் அக்கோர்டியா கோல்ஃப் நராஷினோ கன்ட்ரி கிளப். 2019 அக்டோபரில் மழையால் திங்கட்கிழமை வரை இழுத்த ஸோஸோ சாம்பியன்ஷிப்பில் டைகர் தன் 82-வது பிஜிஏ டூர் வெற்றியைப் பெற்று சாம் ஸ்னீடின் அதிக வெற்றிகள் சாதனையைத் தொட்டது இங்கேதான். 2021-இல் இதே போட்டியை ஜப்பானின் மட்சுயாமா ஜெயித்தார். இணையத்தில் பதிவு செய்து யாரும் ஆடலாம். இரண்டாவது இஸு தீபகற்பத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் கவானா ஹோட்டலின் புஜி கோர்ஸ். சார்லஸ் ஹியூ அலிசன் வடிவமைத்து 1936-இல் திறந்தது. 1981 முதல் 2004 வரை புஜிசாங்கேய் கிளாசிக் அங்கே நடந்தது; அதன் பிறகு பெண்கள் போட்டி நடக்கிறது. அந்த ஹோட்டலில் தங்குபவர்களுக்கே ஆட்டம் என்பது நெடுநாள் நடைமுறை, ஆகவே அறையையும் ஆட்டத்தையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது மியாசாகியில் உள்ள ஃபீனிக்ஸ் கன்ட்ரி கிளப். 1974 முதல் டன்லப் ஃபீனிக்ஸ் போட்டி நடக்கும் இடம். டைகர் 2004, 2005 இரண்டு ஆண்டும் ஜெயித்தார். இருபுறமும் கரும்பைன் மரங்கள் சுவர் போல நிற்கும். பந்து மரத்துக்குள் போனால் இடைவெளி தேடாமல் பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (நடுவிலுள்ள வெட்டிய புல்வெளிக்கு) தட்டிவிடுவதுதான் லாபம். ஆனால் அது கியூஷு தீவில் இருக்கிறது, டோக்கியோவிலிருந்து விமானம் ஏற வேண்டும். போட்டியும் நவம்பரில்தான் நடக்கும், அதற்கு முந்தைய நாட்களில் வெளியாட்களுக்கு இடம் கிடைப்பது கடினம். உங்களுக்கு ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் நராஷினோ. இரண்டு நாள், ஒரு இரவு கிடைத்தால் யோசிக்காமல் கவானா. காட்சியும் சரி, கோர்ஸும் சரி, மற்ற இரண்டையும் விட ஒரு படி மேல் என்பது என் கருத்து.

பதிவுக்கு ரகுடென் கோரா, ஜிடிஓ ஆகிய இரண்டு தளங்கள்தான் அங்கே எல்லோரும் பயன்படுத்துபவை. பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் இருக்கும்; மொழிபெயர்ப்பு உதவியோடு சமாளிக்கலாம், அல்லது தங்கும் ஹோட்டலின் வரவேற்பாளரிடம் சொல்லி போன் செய்யச் சொல்லலாம். விலைக்குப் பக்கத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மதிய உணவு சேர்ந்ததா, கேடி (கூடவே வந்து வழிகாட்டும் உதவியாளர்) உண்டா அல்லது அவர் இல்லாத ‘செல்ஃப்’ ஆட்டமா, இரண்டு பேர் மட்டும் ஆடினால் கூடுதல் கட்டணமா என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். நால்வராகப் போவது உங்களுக்கு வசதி, அந்தக் கூடுதல் தொகை வராது. டோக்கியோவைச் சுற்றியுள்ள சாதாரண மைதானங்களில் வார நாளில் 10,000 யென்னை ஒட்டிக்கூட ஆட முடியும். பெயர்பெற்ற சாம்பியன்ஷிப் மைதானத்துக்கு அதைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், வார இறுதியில் இன்னும் ஏறும். இதற்கு மேல் கோல்ஃப் பயன்பாட்டு வரி என்று ஒன்று உண்டு. சட்டப்படி ஒரு நாளைக்கு வழக்கமான அளவு 800 யென், உச்சவரம்பு 1,200 யென். 18 வயதுக்குக் கீழும் 70 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு வரி இல்லை. உங்களில் யாருக்காவது 70 தாண்டியிருந்தால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். மழை பெய்தால் ஆட்டம் தானாக ரத்தாகும் என்று நினைக்காதீர்கள். மைதானம் தானே மூடினால் ஒழிய, நீங்கள் போகாவிட்டால் ரத்துக் கட்டணம் கேட்பார்கள்.

கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு டோக்கியோ ரயிலில் ஏற வேண்டாம். ‘தக்யூபின்’ என்ற கூரியர் முறையில் விமான நிலையத்திலிருந்தோ ஹோட்டலிலிருந்தோ நேராக மைதானத்துக்கு அனுப்பிவிடலாம். சீட்டில் ஆடும் தேதி, பதிவு செய்தவரின் பெயர், டீ நேரம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) மூன்றும் இருக்க வேண்டும். பை முந்தைய நாளே மைதானம் சேர வேண்டும், ஆகவே இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பையிலும் உங்கள் பெயர் எழுதிய அட்டை தொங்கட்டும். அங்கே ஆடும் எல்லோர் பையிலும் இது இருக்கும், ஏனென்றால் வாசலில் பையை வாங்கிய ஊழியர்கள் பெயரைப் பார்த்துத்தான் உங்கள் வண்டியில் ஏற்றுவார்கள். அட்டை இல்லாத நான்கு கறுப்புப் பைகள் காலை ஏழரை மணிக்கு அவர்களுக்குப் பெரிய தலைவலி.

வாடகைக் கார் எடுப்பதானால் இந்திய சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது, செல்லும். சாலையும் நம்மைப்போல் இடதுபுறம்தான். கார் வழிகாட்டிக் கருவியில் மைதானத்தின் பெயரை மட்டும் போட்டு ஏமாந்தவர்கள் ஏராளம். நராஷினோ கன்ட்ரி கிளப் நராஷினோ நகரத்தில் இல்லை, சிபா மாகாணத்து இன்ஸாய் நகரில் இருக்கிறது. அதேபோல் காசுமிகாசெகி கிளப்பும் டோக்கியோவின் அரசு அலுவலகப் பகுதியான காசுமிகாசெகியில் இல்லை, சைதாமாவின் கவாகோயெயில் இருக்கிறது. ஜப்பானியக் கார் வழிகாட்டியில் மைதானத்தின் தொலைபேசி எண்ணைப் போட்டால் சரியாகக் கொண்டுபோய் விடும். ரயிலில் போனால் நிலையத்திலிருந்து கிளப் பேருந்து உண்டா என்று பதிவின்போதே கேட்டு இடம் சொல்லிவைக்க வேண்டும். பல இடங்களில் முன்பதிவு இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். இன்னொன்று: மதிய இடைவேளையில் பீர் குடிப்பது அங்கே சர்வசாதாரணம். ஆனால் மூச்சுக் காற்றில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே தண்டனை. காரை ஓட்டப்போகிறவர் தேநீரோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

டீ நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். வரும்போது பிளேஸர் போட்டிருக்க வேண்டும் என்பது பல கிளப்புகளின் விதி, கோடை மாதங்களில் மட்டும் தளர்த்துவார்கள். நவம்பரில் போட்டுக்கொண்டு போவதே பத்திரம். ஜீன்ஸ், செருப்பு, காலர் இல்லாத சட்டை மூன்றும் கூடாது. சட்டையை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். வரவேற்பில் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் எண் போட்ட ஒரு உறையும் லாக்கர் சாவியும் தருவார்கள். அன்று முழுக்க அந்த எண்தான் நீங்கள். சாப்பாடு, தண்ணீர், பந்து, கையுறை எல்லாம் அந்த எண்ணில் எழுதப்படும், புறப்படும்போது மொத்தமாகக் கட்டலாம். பாஸ்போர்ட், பணப்பை ஆகியவற்றைத் துணி லாக்கரில் விடாமல், வரவேற்பறை அருகே நான்கு இலக்க எண் வைத்துப் பூட்டும் சின்னப் பெட்டிகளில் வையுங்கள். டீ இடத்துக்கு 10 நிமிடம் முன்பாகவே போய்விடுங்கள். 7:52 என்றால் 7:52-க்குப் பந்து பறக்க வேண்டும். பின்னால் ஏழெட்டு நிமிட இடைவெளியில் அடுத்த குழு நிற்கிறது.

நம் ஊர்க்காரர்களை அதிகம் குழப்புவது பாதியில் வரும் இடைவேளை. ஒன்பது ஹோல் முடிந்ததும் பெரும்பாலான மைதானங்களில் எல்லோரும் உணவகத்துக்குப் போயே ஆக வேண்டும். சுமார் 50 நிமிடம். ஒரே நேரத்தில் பாதிக் குழுக்கள் 1-வது ஹோலிலும் பாதிக் குழுக்கள் 10-வது ஹோலிலும் தொடங்கி, நடுவில் இடம் மாறிக்கொள்வதால் இந்த இடைவேளையைத் தாண்டி நேராக ஆடப் பொதுவாக வழி கிடையாது. உங்கள் ஆட்டம் 10-வதில் தொடங்கினாலும் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டாம் பாதி எத்தனை மணிக்கு என்பதை முதல் பாதி முடிந்ததும் சொல்லிவிடுவார்கள், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த உடனே ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அங்கத்திய கறி சாதத்தில் இறைச்சிச் சாறு இருக்கும், சோபா நூடுல்ஸின் சாற்றில் மீன் இருக்கும். காய்கறி மட்டும் தெரிகிறது என்று நம்பிச் சாப்பிட முடியாது. வெளியிலிருந்து கொண்டுவந்ததை உணவகத்துக்குள் பிரிக்கவும் விடமாட்டார்கள். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வாங்கிய உமேபோஷி (உப்பிட்ட பிளம்) வைத்த அரிசி உருண்டையை வண்டியில் வைத்துக்கொண்டு ஹோல்களுக்கு நடுவே சாப்பிட்டுவிட்டு, உணவகத்தில் வெறும் சாதமும் சாலடும் சொல்வதுதான் எளிய வழி. நவம்பர் நடுவில் டோக்கியோவில் மாலை நாலரைக்கே சூரியன் இறங்கிவிடும். ஆகவே பதிவு செய்யும்போது காலை ஒன்பதுக்கு முன் தொடங்கும் நேரமாகப் பாருங்கள். பத்து மணிக்குத் தொடங்கி ஆட்டமும் தாமதமானால் கடைசி ஹோல்களில் வெளிச்சம் போதாமல் போகலாம்.

ஆட்டத்துக்குள் வந்தால் நீங்கள் வேறெங்கும் பார்த்திராத விஷயம் இரட்டை கிரீன். கிரீன் என்றால் குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல்தரை. ஒரே ஹோலுக்கு அருகருகே இரண்டு கிரீன்கள், ஏ, பி என்று பெயர். ஜப்பானின் கோடையில் வெப்பமும் ஈரமும் சேர்ந்து பென்ட் புல்லை அழுக வைக்கும். குளிர்காலத்தில் உள்ளூர்க் கொரை புல் பழுத்துத் தூங்கிவிடும். அதனால் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று கட்டிவைத்தார்கள். வெப்பம் தாங்கும் பென்ட் வகைகள் வந்த பிறகு பல மைதானங்கள் ஒன்றாக்கிவிட்டன. காசுமிகாசெகி ஈஸ்ட் கோர்ஸும் ஒலிம்பிக்குக்கு முன் டாம் ஃபேஸியோ திருத்தியபோது ஒற்றை கிரீனாக மாறியது. நராஷினோவில் இன்றும் இரண்டு உண்டு. இதில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, தூரம். அட்டையில் ஏ, பி இரண்டுக்கும் வேறு வேறு யார்டு இருக்கும். அன்று எது என்று தொடங்கும்போதே கேட்டுக்கொள்ளாவிட்டால் நாள் முழுக்க ஒரு கிளப் (அடிக்கும் கோல்) தவறாகவே எடுப்பீர்கள். இரண்டாவது, பந்து பயன்பாட்டில் இல்லாத கிரீனில் போய் உட்கார்ந்தால் அங்கிருந்து அடிக்கக் கூடாது. இது சலுகையல்ல, கட்டாயம். விதி 13.1எஃப் படி, பந்தோ உங்கள் நிற்கும் இடமோ வீச்சோ அந்த கிரீனில் படாத மிக அருகான புள்ளியைப் பார்த்து, அதிலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் டிராப் செய்ய (பந்தைக் கையிலிருந்து கீழே விட) வேண்டும். தண்டனை இல்லை. அங்கேயே அடித்துவிட்டால் இரண்டு ஷாட் தண்டனை. 2019-க்கு முன் நிற்கும் இடம் மட்டும் கிரீனில் பட்டால் சலுகை கிடையாது. பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் அதையே சொல்வார்கள், கேட்காதீர்கள்.

கொரை கிரீனில் ஆட நேர்ந்தால் (கவானாவின் புஜி கோர்ஸ் அதற்குப் பேர்போனது) சரிவைப் பார்க்கும் முன் புல் சாய்ந்திருக்கும் திசையைப் பாருங்கள். கொரை இலை பென்ட்டை விடத் தடித்தது, விறைப்பானது. நிற்கும் இடத்திலிருந்து புல் பளபளவென்று வெளிறித் தெரிந்தால் சாய்வு உங்களிடமிருந்து விலகிப் போகிறது, பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பந்து பிடித்துக்கொண்டு பாதியில் நிற்கும். முதலாவதை அங்கே ‘ஜுன்மே’ என்பார்கள், இரண்டாவதை ‘க்யாகுமே’. பெர்முடா புல் கிரீனில் பழகிய கைகளுக்கு இது புதிதல்ல, அளவுதான் கூடுதல். மெதுவாக உருண்டு நிற்கும் கடைசி இரண்டு அடியில்தான் புல் பந்தைத் திருப்பும், ஆகவே குறுகிய ‘பட்’ (கிரீனில் பந்தை உருட்டும் அடி) அடிக்கும்போது கொஞ்சம் உறுதியாகத் தட்டுவது நல்லது. அதே கவானாவில் இன்னொரு எதிரி அலிசன் பங்கர், அதாவது அந்த வடிவமைப்பாளரின் பெயரால் வழங்கும் மணற்குழி. ஆழமானது, கிரீன் பக்கச் சுவர் செங்குத்தாக ஏறும். அந்த மேல் விளிம்பை ‘ஆகோ’, அதாவது மோவாய் என்பார்கள். மோவாயை ஒட்டிக் கிடக்கும் பந்தைக் கொடியை நோக்கி அடித்துப் பார்க்காதீர்கள். பக்கவாட்டிலோ பின்னாலோ எடுத்துவிட்டால் ஒரு ஷாட் நஷ்டம், அடம் பிடித்தால் நான்கு. டிவியில் பார்த்த வேகத்தைத் தினசரி ஆட்டத்தில் எதிர்பார்க்க வேண்டாம். போட்டியின்போது கிரீன்களின் வேகம் (அளவுக் கருவியிலிருந்து விட்ட பந்து உருளும் தூரம்) 11, 12 அடியைத் தாண்டும், சாதாரண நாளில் 9 அடியை ஒட்டி இருக்கும். ரஃப்பையும் (ஓரத்து நீண்ட புல்லையும்) வெட்டியிருப்பார்கள். வெள்ளை டீயிலிருந்து ஆடுங்கள். பின் டீ வேண்டுமென்றால் வரவேற்பில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், பல இடங்களில் தர மாட்டார்கள்.

டீ ஷாட் ஓ.பி., அதாவது எல்லைக்கு வெளியே, போனால் புரோவிஷனல் என்ற மாற்றுப் பந்தை எடுக்கக் கை நீளும். நில்லுங்கள். பெரும்பாலான ஜப்பானிய மைதானங்களில் ஃபேர்வேயின் முன்பகுதியில் ஒரு சிறப்பு டீ குறிக்கப்பட்டிருக்கும். அங்கே போய் நான்காவது ஷாட்டாக அடிக்க வேண்டும். ‘ஜென்ஷின் யோன்தா’, முன்னேறி நான்கு. கணக்கு சரிதான்: அடித்தது ஒன்று, தண்டனை இரண்டு, அடுத்தது நான்காவது. 2019-க்குப் பின் சர்வதேச விதிகளும் இதே கணக்கில் ஒரு உள்ளூர் விதியை அனுமதிக்கின்றன. ஆனால் அதில் பந்து வெளியே போன இடத்துக்கு நேரே டிராப் செய்வீர்கள். ஜப்பானில் எங்கே போயிருந்தாலும் அந்தக் குறித்த இடம்தான். டீயிலிருந்து தண்ணீருக்குள் போனதற்கும் சில ஹோல்களில் ‘முன்னேறி மூன்று’ இருக்கும். அவமானமாக நினைத்துப் பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிப்பேன் என்று நிற்பவரால்தான் பின்னால் வரிசை நிற்கிறது. ஒன்பது ஹோலை இரண்டேகால் மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பதே எங்கும் எழுதியிருக்கும் கணக்கு. முன்குழு போகும் முன் அடிப்பது அங்கே பெரிய குற்றம். பந்து ஆட்களை நோக்கிப் போனால் ‘ஃபா’ என்று முழுத் தொண்டையில் கத்துங்கள், பிறகு நேரில் போய்த் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேளுங்கள்.

பாதையில் புதைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக ஓடும் ஐந்து பேர் வண்டி பெரும்பாலான இடங்களில் இருக்கும். ஃபேர்வேக்குள் போகாது, ரிமோட்டை அமுக்கினால் தானே முன்னேறும். ஆகவே பந்தை நோக்கி நடக்கும்போது மூன்று கிளப்பாவது கையில் எடுத்துப் போங்கள். ஒன்றை எடுத்துப் போய் மறுபடி ஓடி வருவதில்தான் நேரம் போகிறது. வண்டியின் முன்னால் நிற்காதீர்கள், யாராவது ஏறிக்கொண்டிருக்கும்போது ரிமோட்டைத் தொடாதீர்கள். முதல் முறை போகிறவர்கள் கேடியோடு ஆடுவதையே பரிந்துரைப்பேன். நால்வருக்கும் ஒரே கேடி, ‘கேடி-சான்’ என்று அழையுங்கள். கிரீனின் சாய்வு, ஓ.பி. எங்கே, எந்த கிரீன் என்பதையெல்லாம் கையைக் காட்டியே சொல்லிவிடுவார், மொழி தேவைப்படாது. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை, நீட்டினால் சங்கடப்படுவார். மண்பை கொடுத்தால் அது பெயர்ந்த புல்லை நிரப்பத்தான்.

ஆட்டம் முடிந்ததும் பொதுக் குளியல். முதலில் சிறு ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவிய பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். உடை எதுவும் கிடையாது, சிறு துண்டைத் தண்ணீருக்குள் நனைக்கக் கூடாது. பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் விட மாட்டார்கள். கூச்சமாக இருந்தால் குளிக்காமலே உடை மாற்றிக்கொண்டு புறப்படலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அதற்கு முன், கடைசி கிரீனிலிருந்து இறங்கும் இடத்தில் பையிலுள்ள கிளப்புகளை எண்ணச் சொல்லிச் சீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். களைப்பில் எண்ணாமல் போட்டுவிடாதீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகு பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்) காணவில்லை என்றால் பொறுப்பு உங்களுடையது. பையைக் கூரியரில் திருப்பி அனுப்புவதும் மைதான வரவேற்பிலேயே முடியும். விமான நிலையத்துக்கு அனுப்புவதானால் உங்கள் விமானத்துக்கு முந்தைய நாள் அங்கே சேரும்படி தேதி போடச் சொல்லுங்கள். அடுத்த நாளே விமானம் என்றால் பை உங்களோடுதான் வர வேண்டும்.